தரம் வேறு, பொறுப்பு வேறு: போர்க்காலத்தில் ஒரு படை அதிகாரி எப்படி உயர்கிறார்?

கொழும்பு பொது நூலகத்துக்கு முன்னால், விகாரமகாதேவிப் பூங்காவை ஒட்டி, உயரமான ஒரு கல் தூண் நிற்கிறது. முதல் உலகப் போரில் இறந்தவர்களுக்காக எழுப்பியது. முதலில் அது காலிமுகத்திடலில் இருந்தது. இரண்டாம் உலகப் போர் வந்தபோது, கடலிலிருந்து ஜப்பானியர் குறிவைக்க அது அடையாளமாகிவிடும் என்று பயந்து, அங்கிருந்து கழற்றி இங்கே கொண்டுவந்து நிறுத்தினார்கள்.

அக்காவின் மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படிக்கிறாள். ஒரு சனிக்கிழமை அவளோடு நூலகத்தை விட்டு வெளியே வந்தபோது அந்தத் தூணைப் பார்த்துக்கொண்டே கேட்டாள்.

"மாமா, மேஜர் பெரிசா, லெப்டினன்ட் பெரிசா?"

"மேஜர்."

"அப்ப ஏன் மேஜர் ஜெனரல் லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழ இருக்கிறார்?"

பஸ்ஸில் வெள்ளவத்தை வரைக்கும் சொல்லி, வீட்டில் தேத்தண்ணீர் குடித்த பிறகும் என் பதில் முடியவில்லை. எங்கள் தலைமுறை பிரிகேடியர், மேஜர் ஜெனரல் என்ற சொற்களை வானொலிச் செய்தியில் கேட்டுக் கேட்டே வளர்ந்தது. அந்தச் சொல்லுக்குப் பின்னால் எத்தனை பேர் நிற்கிறார்கள், என்ன அதிகாரம் இருக்கிறது, எது அவருடைய சொந்தம், எது இரவல் என்று யாரும் சொல்லித் தரவில்லை. அன்றைக்கு அவளுக்குச் சொன்னதையும், அப்புறம் நிதானமாக யோசித்துச் சேர்த்ததையும் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவளுடைய கேள்வி. 17ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவில் ஒரு படை முழுவதற்கும் தலைவர் 'கப்டன் ஜெனரல்'. அவர் இல்லாதபோது அவருடைய இடத்தில் நிற்பவர் 'லெப்டினன்ட் ஜெனரல்'. லெப்டினன்ட் என்ற பிரெஞ்சுச் சொல்லுக்கே 'இடத்தில் நிற்பவர்' என்றுதான் பொருள். மூன்றாவது ஆள், படையை அணிவகுக்க வைத்து ஒழுங்கு பார்த்தவர், 'சார்ஜன்ட் மேஜர் ஜெனரல்'. காலப்போக்கில் அந்த 'சார்ஜன்ட்' உதிர்ந்து 'மேஜர் ஜெனரல்' மட்டும் மிஞ்சியது. ஆக, லெப்டினன்ட் ஜெனரலுக்குக் கீழே நின்றவர் மேஜர் இல்லை, சார்ஜன்ட் மேஜர்.

சரி, ஏணியை ஒருமுறை கீழிருந்து மேலே பார்த்துவிடலாம். பிரித்தானிய வழக்கத்தைப் பின்பற்றும் எங்கள் நாட்டிலும் இதேதான்: இரண்டாம் லெப்டினன்ட், லெப்டினன்ட், கப்டன், மேஜர், லெப்டினன்ட் கேணல், கேணல், பிரிகேடியர், மேஜர் ஜெனரல், லெப்டினன்ட் ஜெனரல், ஜெனரல், எல்லாவற்றுக்கும் மேலே பீல்ட் மார்ஷல். சீருடைக் கழுத்துப் பட்டியில் சிவப்புத் துண்டு தெரிந்தால் அவர் கேணல் அல்லது அதற்கு மேல். 'சிரேஷ்ட அதிகாரி' என்று பத்திரிகை எழுதுவது பெரும்பாலும் இவர்களைத்தான். அமெரிக்காவில் பிரிகேடியரையும் ஜெனரல் வரிசையில் சேர்ப்பார்கள். பிரித்தானிய வழக்கத்தில் அவர் இன்னும் ஜெனரல் ஆகவில்லை.

இந்தத் தரங்களுக்குக் கீழே எத்தனை பேர்? லெப்டினன்ட் கேணலிடம் ஒரு பட்டாலியன்: 600 முதல் 1,000 பேர் வரை. பிரிகேடியரிடம் ஒரு பிரிகேட்: மூன்று பட்டாலியன்களும் அவற்றுக்குத் துணையானவர்களும், 3,000 முதல் 5,000 பேர். மேஜர் ஜெனரலிடம் ஒரு டிவிஷன், எங்கள் பத்திரிகைகள் 'படைப்பிரிவு' என்று எழுதுவது: 10,000க்கு மேல். இரண்டு மூன்று டிவிஷன்கள் சேர்ந்தால் ஒரு கோர். அதற்கு லெப்டினன்ட் ஜெனரல். கோர்கள் சேர்ந்தால் ஓர் ஆர்மி. இந்த எண்ணிக்கைகள் நாட்டுக்கு நாடு, போருக்குப் போர் மாறும். ஏணியின் ஒவ்வொரு படியிலும் ஆள் எண்ணிக்கை மூன்று நான்கு மடங்கு பெருகுகிறது என்று மனதில் வைத்துக்கொண்டால் போதும்.

பாடசாலை அதிபரை நினைத்துக்கொள்ளுங்கள்

தொடக்கத்தில் எல்லோரையும் குழப்புவது இதுதான். தரம் ஒன்று, பொறுப்பு இன்னொன்று. அதிபர் சேவையில் ஒருவர் தரம் 1இல் இருக்கலாம். அது அவரோடு எங்கும் போகும். ஆனால் இன்ன பாடசாலைக்கு அதிபர் என்பது தனியான நியமனம். தரம் 1இல் இருக்கும் ஒருவர் கல்வி அலுவலகத்தில் மேசை வேலை பார்க்கலாம். தரம் 3இல் இருப்பவர் ஆள் இல்லாத காரணத்தால் பெரிய பாடசாலை ஒன்றைப் பொறுப்பேற்று நடத்தலாம்.

படையிலும் அப்படித்தான். 'மேஜர் ஜெனரல்' என்பது தரம். 'இன்ன டிவிஷனின் கட்டளைத் தளபதி' என்பது பொறுப்பு. சமாதான காலத்தில் இரண்டும் பெரும்பாலும் ஒத்துப்போகும். போர் வந்ததும் பொறுப்பு முன்னால் ஓடும், தரம் பின்னால் மூச்சு வாங்கிக்கொண்டு வரும். 2009இல் வன்னியில் சில டிவிஷன்களுக்குக் கட்டளையிட்டவர்கள் பிரிகேடியர்கள். சாதாரண காலத்தில் அது மேஜர் ஜெனரலின் நாற்காலி.

ஏன் இப்படி ஆகிறது? போர் தொடங்கினால் ஒரு சிறிய படை சில மாதங்களில் பல மடங்கு பெருகுகிறது. புதிய பட்டாலியன்களுக்கும் புதிய பிரிகேட்களுக்கும் தலைவர்கள் வேண்டும். இருப்பவர்களில் சிலர் இறக்கிறார்கள், காயப்படுகிறார்கள், சிறைப்படுகிறார்கள், தோற்றதால் நீக்கப்படுகிறார்கள். அந்த இடங்களை நாளைக்கே நிரப்ப வேண்டும். ஆனால் ஒரு கேணலை நிரந்தரமாக மேஜர் ஜெனரல் ஆக்கிவிட்டால், போர் முடிந்து படை சுருங்கும்போது அந்தச் சம்பளத்தையும் ஓய்வூதியத்தையும் அரசு காலம் முழுக்கச் சுமக்க வேண்டும். இந்தச் சிக்கலுக்குப் படைகள் கண்ட வழி, தரத்தையே இரவலாகக் கொடுப்பது.

இந்த இரவலைப் புரிந்துகொள்ள இலங்கைத் தமிழருக்கு ஒரு வசதி இருக்கிறது. 'பதில்' என்ற சொல் எங்களுக்கு நன்றாகத் தெரியும். பதில் அதிபர், பதில் நீதவான், பதில் பொலிஸ்மா அதிபர். அதேபோல் 'பதில் மேஜர் ஜெனரல்'. அந்த நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் வரை அந்தத் தரச் சின்னத்தை அணியலாம். எழுந்தால் சின்னமும் போய்விடும். பதிலாகச் சில மாதங்கள் இருந்துவிட்டால் 'தற்காலிகத் தரம்' கிடைக்கும். இது கொஞ்சம் உறுதியானது, ஆனாலும் இரவல்தான். அடியில் இருப்பது 'நிரந்தரத் தரம்'. வர்த்தமானியில் அறிவித்து, ஓய்வூதியம் வரை கூடவே வருவது அதுதான்.

ஆகவே போர்க்கால அதிகாரி ஒருவர் ஒரே நாளில் மூன்று ஆளாக இருக்கலாம்: பொறுப்பால் பதில் பிரிகேடியர், தற்காலிகத் தரத்தால் லெப்டினன்ட் கேணல், நிரந்தரத் தரத்தால் மேஜர். வாழ்க்கைக் குறிப்புகளில் ஒரே மனிதருக்கு ஒரே ஆண்டில் இரண்டு மூன்று தரங்கள் எழுதியிருப்பதைப் பார்த்து அது அச்சுப் பிழை என்று நான் பல வருடம் நினைத்திருந்தேன். பிழை இல்லை.

இதற்கு எனக்குத் தெரிந்த மிகப் பெரிய உதாரணம் அமெரிக்கத் தளபதி ஐசன்ஹோவர். இரண்டு உலகப் போர்களுக்கும் நடுவில், 1920இல் மேஜரானவர் 1936 வரை 16 வருடம் அதற்கு மேலே போகவில்லை. அமெரிக்கா போருக்குள் இறங்கியதும் படிகள் பறந்தன. 1943 பெப்ரவரியில் தோளில் நான்கு நட்சத்திரம், முழு ஜெனரல். ஆனால் அது தற்காலிகம். அந்த நாளில் அவருடைய நிரந்தரத் தரம் லெப்டினன்ட் கேணல். வட ஆபிரிக்காவில் நேச நாட்டுப் படைகளுக்கெல்லாம் கட்டளையிட்ட மனிதர், போர் அன்றைக்கே நின்றிருந்தால், ஏட்டுக்கணக்கில் ஒரு பட்டாலியன் தலைவர் நிலைக்குத் திரும்ப வேண்டியவர். நிரந்தர மேஜர் ஜெனரல் தரம் அவருக்கு 1943 ஆகஸ்டில்தான் கிடைத்தது.

ஒருவரை முழுக்கப் பார்ப்போம்: வில்லியம் ஸ்லிம்

ஏணியை மட்டும் பார்த்தால் மனிதர் தெரியமாட்டார். அதனால் ஒரு வாழ்க்கையை எடுத்துக்கொள்கிறேன். இலங்கைக்கு இவர் தூரத்து ஆளும் இல்லை. 1944 ஏப்ரலில் நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தன் தென்கிழக்காசியத் தலைமையகத்தை டில்லியிலிருந்து கண்டிக்கு, பேராதனைப் பூங்காவுக்கு மாற்றினார். அந்தத் தலைமையகத்தின் கீழ் பர்மாவில் சண்டையிட்ட 14ஆவது ஆர்மியின் தளபதி ஸ்லிம்.

அவர் பிரபு வீட்டுப் பிள்ளை இல்லை. பர்மிங்ஹாமில் இரும்புச் சாமான் வியாபாரியின் மகன். சிறிது காலம் தொடக்கப் பாடசாலை ஆசிரியர், அப்புறம் ஒரு கம்பனியில் எழுதுவினைஞர். 1914 ஆகஸ்டில் போர் தொடங்கியபோது தற்காலிக இரண்டாம் லெப்டினன்டாகச் சேர்ந்தார். அந்தத் 'தற்காலிக' என்ற சொல்லைக் கவனியுங்கள். போர் இல்லாவிட்டால் அவரைப் போன்றவருக்கு அந்தக் கதவே திறந்திருக்காது. கலிப்பொலியில் காயம், மெசப்பொத்தேமியாவில் மறுபடியும் காயம், மிலிட்டரி குரொஸ் பதக்கம்.

போர் முடிந்ததும் சம்பளத்தில் காலம் தள்ளக் கூடிய இந்தியப் படைக்கு மாறி, கூர்க்காக்களோடு சேர்ந்தார். அதற்குப் பிறகு நடந்தது காத்திருப்பு. பத்து வருடத்துக்கு மேல் கப்டன். வருமானம் போதாமல் 'அன்டனி மில்ஸ்' என்ற புனைபெயரில் சஞ்சிகைகளுக்குக் கதை எழுதினார். நடுவில் குவெட்டா பதவிநிலைக் கல்லூரியில் படித்தார், இங்கிலாந்தில் கேம்பர்லி கல்லூரியில் கற்பித்தார். 1938இல், 46 வயதைத் தாண்டிய பிறகு, லெப்டினன்ட் கேணலாகி ஒரு கூர்க்கா பட்டாலியனுக்குத் தலைவரானார். இன்னும் சில வருடம் சமாதானம் நீடித்திருந்தால், அந்த அளவில் ஓய்வு பெற்று இங்கிலாந்தில் ஒரு சிறிய வீட்டில் கதை எழுதிக்கொண்டிருந்திருப்பார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1939இல் போர் வந்தது. ஒரு பிரிகேட் கிடைத்தது. 1940 நவம்பரில் சூடான் எல்லையில் கல்லாபாத் என்ற இடத்தில் இத்தாலியரைத் தாக்கினார். கோட்டையைப் பிடித்தார்கள், ஆனால் டாங்கிகள் பழுதாகின, விமானக் குண்டுவீச்சில் ஒரு பட்டாலியன் கலைந்து ஓடியது, கடைசியில் பின்வாங்க வேண்டியிருந்தது. அவர் பிற்காலத்தில் அதைப் பற்றி மறைக்காமல் எழுதினார்: இரண்டு வழிகள் இருந்தன, துணிச்சல் குறைந்ததைத் தேர்ந்தெடுத்தேன், அது என் பிழை. ஒரு தளபதி தன் தோல்வியைக் கீழே இருப்பவர்கள் மேல் போடாமல் தன் பெயரில் எழுதிக்கொள்வது அபூர்வம். அவர் மேல் எனக்கு மரியாதை வந்தது அவருடைய வெற்றிகளைப் படித்தபோது இல்லை, இந்த இடத்தைப் படித்தபோது.

1941 ஜனவரியில் எரித்திரியாவில் மறுபடியும் காயம். ஆறி எழுந்ததும் ஈராக்கில் 10ஆவது இந்திய டிவிஷன் காலியாக இருந்தது, பதில் மேஜர் ஜெனரல் ஆனார். 1942 மார்ச்சில் ஜப்பானியர் முன்னேறி பர்மாவில் எல்லாம் சரிந்துகொண்டிருந்தபோது அங்கே கூப்பிட்டார்கள், பர்மா கோருக்குத் தலைவராக, பதில் லெப்டினன்ட் ஜெனரல். மூன்றரை வருடத்துக்கு முன்னால் சுமார் 800 பேருக்குத் தலைவர். இப்போது தோற்று ஓடும் இரண்டு டிவிஷன்கள் அவர் தலையில்.

அந்தப் பின்வாங்கல் சுமார் 900 மைல். பிரித்தானியப் படை வரலாற்றிலேயே மிக நீளமானது என்பார்கள். அதே மாதங்களில், அதே காட்டுப் பாதைகளில், ரங்கூனை விட்டு இலட்சக்கணக்கான இந்தியர்கள் நடந்து வந்தார்கள். அவர்களில் எத்தனையோ தமிழ்க் குடும்பங்கள் இருந்தன. வழியில் பசியிலும் காய்ச்சலிலும் விழுந்தவர்களுக்குக் கல் தூண் எங்கும் இல்லை. தளபதிகளின் கதையைச் சொல்லும்போது இதையும் சொல்லாமல் கடந்து போக எனக்கு மனம் வரவில்லை.

1943 அக்டோபரில் ஸ்லிம்மிடம் 14ஆவது ஆர்மி. உச்சத்தில் அவருக்குக் கீழே இருந்தவர்கள் பத்து இலட்சத்தை நெருங்கினார்கள். 2012 கணக்கெடுப்பில் கொழும்பு மாநகர மக்கள்தொகை 5 இலட்சத்து 61 ஆயிரம். அப்படியென்றால் ஏறக்குறைய இரண்டு கொழும்பு. அதில் பெரும்பான்மையானவர்கள் இந்தியர்கள், கூடவே ஆபிரிக்கர்கள், கூர்க்காக்கள், பிரித்தானியர். இவர்களுக்குச் சோறு போடுவது, மலேரியாவிலிருந்து காப்பது, மழைக்காலத்தில் பாதை போடுவது, இதுதான் ஒரு ஆர்மித் தளபதியின் அன்றாட வேலை. துப்பாக்கிச் சண்டை அவருடைய நாளில் மிகச் சிறிய பங்கு. தன் படையில் காயப்பட்டவர்களை விட நோயில் விழுந்தவர்கள் பல மடங்கு என்பதை அறிந்து, மலேரியா மாத்திரையைச் சிப்பாய்கள் விழுங்குகிறார்களா என்று திடீர்ப் பரிசோதனை செய்தார். விழுங்காத பட்டாலியனின் தலைவரைப் பதவியிலிருந்து நீக்கினார். மூன்று பேரை நீக்கியதும் மற்றவர்களுக்குப் புரிந்துவிட்டது.

1944இல் இம்பால், கொஹிமா சண்டைகளில் ஜப்பானியரை முறியடித்தார். 1945 மே தொடக்கத்தில் ரங்கூன் மீட்கப்பட்டது. வென்ற தளபதிக்கு அடுத்து என்ன? அவருக்கு மேலே இருந்த ஜெனரல் லீஸ் சில நாட்களில் வந்து, ஸ்லிம்மை 14ஆவது ஆர்மியிலிருந்து எடுத்துவிட்டு, பர்மாவில் காவல் வேலை பார்க்கும் சிறிய ஆர்மி ஒன்றைத் தருவதாகச் சொன்னார். அதைவிட ஓய்வு பெறலாம் என்று ஸ்லிம் முடிவெடுத்தார். செய்தி பரவியதும் படையில் கொதிப்பு எழுந்தது, லண்டனிலும் டில்லியிலும் மேலதிகாரிகள் எதிர்த்தார்கள். கடைசியில் நீக்கப்பட்டவர் லீஸ். அவருடைய நாற்காலிக்கு வந்தவர், ஜூலையில் முழு ஜெனரலாகியிருந்த ஸ்லிம். போர்க்காலத்து நியமனம் எவ்வளவு ஆட்டமுள்ளது என்பதற்கு இந்த இரண்டு மாதங்களே போதும். பிறகு ஓய்வு பெற்று ரயில்வே நிர்வாகத்தில் வேலை பார்த்துக்கொண்டிருந்தவரை, 1948இல் பிரதமர் அட்லி திருப்பிக் கூப்பிட்டு முழுப் பிரித்தானியப் படைக்கும் தலைமை கொடுத்தார். 1949இல் பீல்ட் மார்ஷல்.

மேசையில் இருப்பவர்கள்

எல்லோரும் ஸ்லிம் மாதிரிக் களத்தில் நிற்பதில்லை. கட்டளை அதிகாரி ஒரு வகை, பதவிநிலை அதிகாரி இன்னொரு வகை. முடிவெடுப்பவர் முன்னவர். அந்த முடிவு நடக்கும்படி வரைபடம், லொறி, எரிபொருள், ஆள், நேரம் எல்லாம் கணக்குப் போட்டுக் கொடுப்பவர் பின்னவர். மேலே போக விரும்பும் ஒருவர் இரண்டிலும் மாறி மாறி இருந்தாக வேண்டும். பதவிநிலைக் கல்லூரிப் படிப்பு இல்லாமல் கேணலுக்கு மேலே போவது கடினம். எங்கள் நாட்டில் அந்தக் கல்லூரி கொழும்புக்கு வெளியே, பட்டலந்தையில் இருக்கிறது.

கொழும்போடு தொடர்புள்ள பதவிநிலை அதிகாரி ஒருவர் உண்டு, லெப்டினன்ட் ஜெனரல் சேர் ஹென்றி பவ்னல். 1940இல் பிரான்சில் பிரித்தானியப் படையின் தலைமைப் பதவிநிலை அதிகாரி. 1941 டிசம்பர் கடைசியில் தூர கிழக்குத் தளபதி, அந்தப் பதவியே சில வாரங்களில் இல்லாமல் போனது. அடுத்து ஜாவாவில் நேச நாட்டுத் தளபதி வேவலுக்குத் தலைமைப் பதவிநிலை அதிகாரி, அதுவும் 1942 பெப்ரவரியில் கலைந்தது. அதன் பிறகு இலங்கைப் படைத் தளபதியாக இங்கே வந்தார். இரண்டு வருடத்துக்குள் இத்தனை நாற்காலி. தரம் பெரிதாக மாறவே இல்லை. 1943இல் மவுண்ட்பேட்டனுக்குத் தலைமைப் பதவிநிலை அதிகாரி ஆனார்.

1942 ஏப்ரல் 5, உயிர்த்த ஞாயிறு காலை, ஜப்பானிய விமானங்கள் கொழும்பைத் தாக்கின. துறைமுகத்தில் ஹெக்டர், டெனடோஸ் என்ற இரண்டு போர்க்கப்பல்கள் மூழ்கின. எதிர்த்துப் பறந்த ஹரிக்கேன் விமானங்களில் ஒரு பகுதி கறுவாத்தோட்டக் குதிரைப் பந்தயத் திடலை ஓடுபாதையாக்கிக் கிளம்பியவை. இன்று கடைகளும் உணவகங்களும் இருக்கும் அதே ரேஸ்கோர்ஸ்தான். அந்த நாட்களில் தீவின் முழு அதிகாரமும் அட்மிரல் லேட்டனிடம் இருந்தது. கடற்படைக்காரர் ஒருவரின் சொல்லுக்குத் தரைப்படை லெப்டினன்ட் ஜெனரலும் விமானப் படையும் கட்டுப்பட்டன, குடியியல் ஆளுநரும் கட்டுப்பட்டார். தரம் பார்த்து அது நடக்கவில்லை, நியமனக் கடிதம் அப்படிச் சொன்னது.

முதல் இலங்கைத் தளபதி

இந்த இடத்தில் பிள்ளை கேட்டாள்: "எங்கட ஆக்கள் ஒருத்தரும் அந்த இடத்துக்கு வரேல்லையா?"

வந்தார். இலங்கைப் படை 1949இல் சட்டப்படி உருவானபோது முதல் தளபதி ஒரு பிரித்தானியர். 1955 பெப்ரவரியில் அந்த இடத்துக்கு வந்த முதல் இலங்கையர் அன்டன் முத்துக்குமாரு, ஒரு தமிழர். கொழும்பில் பிறந்து, ஒக்ஸ்போர்டில் படித்து, பாரிஸ்டர் ஆனவர். 1934இல் தொண்டர் அதிகாரியாக இலங்கை இலகு காலாட்படையில் சேர்ந்தார். வழக்கறிஞர் வேலைக்கு நடுவே பகுதிநேரப் படை வேலை. போர் அந்தப் பகுதிநேரத்தை முழுநேரமாக்கியது. மேஜர் ஜெனரலாக 1959 கடைசி வரை இருந்தார், பிறகு பல நாடுகளில் இலங்கையின் தூதுவராகப் பணியாற்றினார். அவள் இந்தப் பெயரை எந்தப் பாடப் புத்தகத்திலும் பார்த்ததில்லை என்றாள். எனக்கு அது வருத்தமாக இருந்தது.

எங்கள் போர்

இனி எங்கள் போருக்கு வருகிறேன். இந்தப் பெயர்கள் கொழும்பில் எல்லா வீட்டிலும் ஒரே மாதிரிக் கேட்பதில்லை என்று தெரியும். ஒரு வீட்டில் படம் மாட்டிய பெயர், இன்னொரு வீட்டில் வாய்விட்டுச் சொல்லாத பெயர். இங்கே நான் பார்ப்பது தரமும் பொறுப்பும் எப்படி நகர்ந்தன என்பதை மட்டும்.

மேஜர் ஜெனரல் டென்சில் கொப்பேகடுவ 1992 ஆகஸ்ட் 8இல் அராலியில் கண்ணிவெடியில் இறந்தார். இறந்த பிறகு லெப்டினன்ட் ஜெனரல் ஆக்கப்பட்டார். பெயருக்கு முன்னால் இருக்கும் தரம் உயிரோடு இருந்தபோது அணிந்ததா, பிறகு கொடுத்ததா என்று தேதியைப் பார்த்தால்தான் தெரியும்.

வயது இன்னொரு கதவு. சமாதானத்தில் எத்தனையோ திறமைசாலிகளை வயது எல்லை வீட்டுக்கு அனுப்பிவிடும். சரத் பொன்சேகா பிறந்தது 1950 டிசம்பர் 18. படைத் தளபதியாக நியமிக்கப்பட்டது 2005 டிசம்பர் 6, ஓய்வு வயதான 55க்குப் பன்னிரண்டு நாள் முன்னால். அவர் 2006 ஏப்ரல் 25இல் கொழும்புத் தலைமையகத்துக்கு உள்ளேயே தற்கொலைத் தாக்குதலில் படுகாயமடைந்தார். மீண்டு வந்து, 2009இல் போர் முடிந்ததும் ஜெனரல் ஆனார். 2010இல் இராணுவ நீதிமன்றம் தரத்தையும் ஓய்வூதியத்தையும் பறித்தது. 2015 ஜனவரியில் திரும்பக் கிடைத்தது, அதே மார்ச்சில் பீல்ட் மார்ஷல். நிரந்தரத் தரம் என்று மேலே எழுதினேன் இல்லையா? அரசு ஒன்று நினைத்தால் அதுவும் போகும், இன்னொன்று நினைத்தால் திரும்பி வரும்.

கட்டளைப் பொறுப்பு

கடைசியாக, பஸ்ஸில் சொல்லத் தயங்கி வீட்டில் சொன்ன பகுதி. ஒருவர் இன்ன தேதியில் இன்ன படைக்குத் தளபதி என்று ஏட்டில் இருந்தால், அந்தப் படை அந்தத் தேதியில் செய்ததற்கு அவர் பதில் சொல்ல வேண்டுமா?

1945 கடைசியில் மணிலாவில் இந்தக் கேள்வி நீதிமன்றத்துக்கு வந்தது. பிலிப்பைன்சில் ஜப்பானியத் தளபதியாக இருந்த ஜெனரல் யமஷிதா மேல் வழக்கு. அவருடைய படையினர் பொதுமக்களைக் கூட்டம் கூட்டமாகக் கொன்றிருந்தார்கள். அவரே உத்தரவிட்டார் என்று குற்றச்சாட்டு சொல்லவில்லை. தன் கட்டளைக்குக் கீழே இருந்தவர்களைக் கட்டுப்படுத்தத் தவறினார் என்று சொன்னது. தொடர்புகள் அறுந்துபோயிருந்தன, மணிலாவில் நடந்தது எனக்குத் தெரியாது என்பது அவர் தரப்பு. மரண தண்டனை கிடைத்தது. அமெரிக்க உச்ச நீதிமன்றத்தில் இரண்டு நீதிபதிகள், மர்ஃபியும் ரட்லெஜும், கடுமையாக மறுத்து எழுதினார்கள், பெரும்பான்மை அதை ஏற்கவில்லை. 1946 பெப்ரவரி 23இல் தூக்கிலிட்டார்கள்.

தெரியாமல் இருந்தால் குற்றமா என்ற வாதம் அதோடு ஓயவில்லை. சர்வதேச குற்றவியல் நீதிமன்றத்துக்காக 1998இல் உருவான ரோம் சாசனத்தின் 28ஆவது உறுப்புரை அதற்கு ஒரு எல்லை வரைந்தது: தளபதிக்குத் தெரிந்திருந்தால், அல்லது அந்தச் சூழ்நிலையில் தெரிந்திருக்க வேண்டும் என்றால், தடுக்கவோ விசாரணைக்கு ஒப்படைக்கவோ தன் அதிகாரத்துக்குள் இருந்ததைச் செய்யாவிட்டால், அவரும் பொறுப்பாளி. பெயரளவில் தளபதியாக இருந்தாரா என்பதோடு, உண்மையில் கட்டுப்பாடு அவர் கையில் இருந்ததா என்றும் அந்தச் சட்டம் கேட்கிறது. பதிலோ, தற்காலிகமோ, நிரந்தரமோ, அதற்கு அக்கறை இல்லை.

"அந்தச் சட்டத்தில் நாங்கள் இருக்கிறோமா மாமா?" என்று கேட்டாள்.

இல்லை. இலங்கை அந்தச் சாசனத்தில் சேரவில்லை.